மிதிப்பது பகலில், சுவைப்பது இரவில்

பிரான்சில் சைக்கிள் சுற்றுலாவுக்குத் தந்தை என்று கொண்டாடப்படுபவர் போல் த விவி. 1853இல் பிறந்தவர், சேந்த்-எத்தியென் நகரிலிருந்து ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். கியர் மாற்றும் வசதியைப் பந்தயக்காரர்கள் ஏளனம் செய்த காலத்தில் அதற்காக விடாமல் வாதாடினார். நெடும்பயணம் போகிறவர்களுக்கு ஏழு விதிகளையும் வகுத்துவைத்தார். பசி வருவதற்கு முன்பே சாப்பிடுவது, தாகம் எடுப்பதற்கு முன்பே நீர் அருந்துவது, வீம்புக்காக மிதிக்காமல் இருப்பது எல்லாம் அவற்றில் உண்டு. பாதையில் இருக்கும்வரை ஒயினைத் தொடக்கூடாது என்பதும் உண்டு. 1930இல் அவர் மறைந்தார். அவர் கவனமாகப் பிரித்துவைத்த சைக்கிளையும் ஒயினையும் ஒன்றாகக் கட்டி, ‘நிதானமான விடுமுறை’ என்று பெயர் சூட்டி விற்பது இன்று அதே நாட்டில் ஒரு பெருந்தொழில்.

இந்த விடுமுறைக்கு ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு வாரம், நாளுக்கு 25 முதல் 50 கிலோமீட்டர். பெட்டிகளை ஒரு வேன் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மிதிக்கலாம். மதியம் கிராமத்து உணவகத்தில் நீண்ட சாப்பாடு. பிற்பகலில் ஒன்றிரண்டு நிலவறைகளில் ஒயின் சுவை பார்த்தல். இரவு, விடுதியாக மாறிய பழைய மாளிகையில் தூக்கம். வழிகாட்டியோடு போகும் சொகுசுப் பயணமென்றால் விலை ஆயிரக்கணக்கான யூரோ. தானாகப் போகிறவருக்கு வரைபடமும் வாடகை சைக்கிளும் கிடைக்கும். எப்படிப் போனாலும் வாக்குறுதிகள் மூன்றுதான்: ஓய்வு, நாட்டுப்புறம், ஒயின்.

மூன்றையும் சோதிக்கச் சரியான இடம் பர்கண்டி. அதிலும் போன் நகரிலிருந்து தெற்கே பொமார், வோல்னே, மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே வழியாகச் சாந்த்னே வரை 22 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் தோட்டப் பாதை. விளம்பரப் படங்களில் அடிக்கடி வருவது இதுதான். இது தேறினால் மற்ற இடங்கள் தேற வாய்ப்புண்டு. இதில் ஓட்டை இருந்தால் வேறெங்கும் அது அடைபட்டிருக்காது. அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிள் விடுமுறை தேற வேண்டுமென்றால், காரிலோ கால்நடையாகவோ கிடைக்காத ஒன்றைச் சைக்கிள் தர வேண்டும். தராவிட்டால் அது வெறும் படப்பிடிப்புப் பொருள்.

இந்தச் சோதனையில் பர்கண்டி முழு மதிப்பெண் வாங்குகிறது. எப்படியென்று சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

‘கோட் டோர்’ எனப்படும் அந்தச் சரிவு திஜோனுக்குத் தெற்கே தொடங்கி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீள்கிறது. அகலம் மிகக் குறைவு. கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி தாழ்ந்து இறங்க, மேற்கே நின்றுபோன பாறை விளிம்பு அது. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லும் களிச்சுண்ணமும் அங்கே அடுக்கடுக்காக வெளியே தெரிகின்றன. சரிவு காலை வெயிலைப் பார்த்துக் கிழக்கு நோக்கியிருக்கிறது. அடிவாரத்தில் மண் ஆழம், ஈரம் அதிகம். அங்கே விளைவது சாதாரண ஒயின். சற்று மேலே கிராமப் பெயர் தாங்கிய ஒயின். நடுச்சரிவில் நீர் தேங்காது, மண் மெலிது, வெயில் நேராக விழும். ‘கிரான் க்ரு’ என்ற உச்ச நிலைத் தோட்டங்கள் அங்கேதான். அதற்கும் மேலே மண் தீர்ந்து காடு தொடங்கிவிடுகிறது. பர்கண்டியின் மொத்த உற்பத்தியில் அந்த உச்ச நிலை ஒயின் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

இந்தச் சரிவை மனிதர்கள் துண்டு துண்டாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, சுவையை வேறுபடுத்திப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கிறார்கள். ‘க்ளிமா’ எனப்படும் அத்தகைய துண்டுகள் 1,247. அவற்றைத்தான் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மோன்ராஷே என்ற புகழ்பெற்ற தோட்டம் எட்டு ஹெக்டேர். புலிஞிக்கும் ஷசாஞ்சுக்கும் பொதுவானது. அதன் கீழ்விளிம்பில் ஒரு குறுகிய சாலை ஓடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பத்தார்-மோன்ராஷே. அதே ஷார்தொனே திராட்சை, அதே கிராமங்களின் கைகள். ஆனால் புட்டியின் விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் காரணமெல்லாம் மண்ணின் ஆழமும் நிலத்தின் சாய்வும்தான்.

இதைக் காரிலிருந்து பார்க்க முடியாது. சரிவின் அடிவாரத்தோடு ஓடும் டி974 நெடுஞ்சாலையிலிருந்து தெரிவது ஒரே பச்சை. சாய்வு மாறுவதை எஞ்சின் விழுங்கிவிடும். சாலையோரக் கல்மதில் கண்ணில் படுவதற்குள் கடந்துபோகும். நடந்துபோனால் எல்லாம் தெரியும். ஆனால் ஒரு கிராமத்துக்கும் அடுத்ததற்குமான வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் இரண்டும் ஒருசேரக் கிடைக்கிறது. பொமாரில் களி மிகுந்த செம்மண். அங்கிருந்து வோல்னேயை நெருங்கும் ஏற்றம் தொடையில் உறைக்கும். மெர்சோவுக்கு வந்ததும் சிவப்புத் திராட்சை ஒதுங்கி வெள்ளைத் திராட்சையின் ஆட்சி. மலையிடுக்குகளிலிருந்து திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால், அந்த இடத்துத் திராட்சை ஏன் தாமதமாகப் பழுக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒயின் புத்தகங்கள் பத்துப் பக்கம் எழுதியும் விளங்காத நிலவியலை ஒரு முற்பகலில் கால்கள் கற்றுக்கொள்கின்றன.

போனுக்கு வடக்கே போனால் க்ளோ த வூஜோ. மதில் சூழ்ந்த 50 ஹெக்டேர். சிஸ்டர்சியத் துறவிகள் வளர்த்த தோட்டம். பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபை நிலங்கள் தேச உடைமையானபோது இதுவும் ஏலம் போனது. அதன்பின் விற்பனையும் பிள்ளைகளுக்குச் சமபங்கு தரும் வாரிசுச் சட்டமும் சேர்ந்து இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்களிடம் சிதறிக் கிடக்கிறது. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்தால் இது வரைபடத்தைவிடத் தெளிவாகத் தெரியும். ஒருவர் வரிசையில் புல் வளர்ந்திருக்கும், பக்கத்து வரிசையில் மண் உழுது கிடக்கும். கொடியை ஒருவர் உயரமாக விட்டிருப்பார், இன்னொருவர் ஒட்ட நறுக்கியிருப்பார். புட்டியில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பெயர். ஒரே பெயர் தாங்கிய ஒயின்கள் ஏன் இத்தனை ஏற்ற இறக்கமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை இல்லை.

ஆக, நிலத்தைப் படிக்கும் கருவி என்ற வகையில் சைக்கிளுக்கு இங்கே இணை கிடையாது. சிக்கல் மூன்றாவது வாக்குறுதியில், அதாவது ஒயினில், தொடங்குகிறது.

முதலில் கணக்கு. சுவை பார்க்கும்போது ஒரு கிண்ணத்தில் ஊற்றுவது நாலு சென்டிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஒயின் என்றால் 24 சென்டிலிட்டர். 13 சதவீத ஆல்ககால் என்றால் உடலுக்குள் போவது சுமார் 25 கிராம் தூய ஆல்ககால். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது லிட்டருக்கு அரை கிராமைத் தொட்டுவிடும். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணிடம் தாண்டிவிடும். பிரான்சில் சட்ட எல்லை அந்த அரை கிராம்தான். அது சைக்கிளுக்கும் பொருந்தும். மீறினால் 135 யூரோ அபராதம். இது ஒரே ஒரு நிலவறையின் கணக்கு. அட்டவணையில் பிற்பகலுக்கு இரண்டு நிலவறைகள் இருக்கும். மதியச் சாப்பாட்டுக் கிண்ணம் தனி. கூடவே வெயிலும் வியர்வையும்.

இதற்கு மறுமொழி உண்டு: தொழில்முறைச் சுவைஞர்கள் வாயில் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள், நீங்களும் துப்பலாமே? துப்பலாம். எச்சில் தொட்டி எல்லா நிலவறையிலும் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் துப்புவது ஒரு பயிற்சி. கவனம் வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், நாக்கு களைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிறவர் உழைக்கிறார். துப்பாமல் குடிக்கிறவரோ அடுத்த ஏற்றத்தில் டிராக்டர் வரும்போது ஆபத்தில் இருக்கிறார். இரண்டில் எதுவும் விளம்பரம் சொல்லும் நிதானம் ஆகாது.

சட்டத்தின் இன்னொரு மூலையும் இங்கே தொடர்புள்ளது. 1991இல் வந்த எவென் சட்டம் பிரான்சில் மது விளம்பரத்தை இறுக்கிப் பிடித்தது. 2016இல் வந்த ஒரு திருத்தம், ஒயின் விளையும் பகுதி, அதன் வரலாறு, நிலக்காட்சி, மரபு பற்றிய செய்திகளும் படங்களும் விளம்பரம் ஆகா என்று வரையறுத்தது. புட்டியை நேராகக் காட்டத் தயங்க வேண்டிய இடத்தில் தோட்டத்தையும் அதன் நடுவே தொப்பியணிந்த சைக்கிள்காரரையும் தாராளமாகக் காட்டலாம். ஒயின் சுற்றுலாவின் படங்கள் ஏன் இவ்வளவு ஒன்றுபோலவே இருக்கின்றன என்று வியப்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

அடுத்தது, கிடைக்கும் ஒயின் எது என்ற கேள்வி. இங்கேதான் பர்கண்டி பயணியை ஏமாற்றுகிறது என்பேன். கோட் டோரின் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களில் பெரும்பாலானோர் சிறு குடும்பங்கள். அவர்கள் புட்டிகளுக்கு வாடிக்கையாளர்களும் இறக்குமதியாளர்களும் முன்பே பங்கு பேசி வைத்திருப்பார்கள். கதவு திறந்திருக்காது, முன்பதிவு கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், பல இடங்களில் அதற்கும் பதில் வராது. சைக்கிள்காரருக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் போன் நகரத்து வணிக நிறுவனங்களின் நிலவறைகள். அவை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எந்த மதிலைத் தொட்டுப் பார்த்தாரோ அந்த மதிலுக்குள் விளைந்தது மாலையில் அவர் கிண்ணத்துக்கு வராது. ரொமானே-கோந்தி தோட்டம் 1.8 ஹெக்டேர்தான். அதன் ஓரத்தில் சிலுவையருகே நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். அதன் ஒயினை ருசித்தவர்களை அவர்களுக்குள் தேட வேண்டியதே இல்லை.

நிலத்தின் விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. உச்ச நிலைத் தோட்டம் ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோ. மோரே-சேன்-தெனி என்ற கிராமத்தில் அடுத்தடுத்து இரண்டு தோட்டங்கள். ஒன்றை 2014இல் லூயி வித்தோன் பைகளை விற்கும் குழுமம் வாங்கியது. மற்றதை 2017இல் ‘குச்சி’ (Gucci) ஆடம்பரப் பெயரை வைத்திருக்கும் பினோ குடும்பத்தின் நிறுவனம் வாங்கியது. ஆடம்பரச் சந்தையில் மோதிக்கொள்ளும் இருவர் அங்கே மதில் பகிரும் அண்டை வீட்டார். ‘எளிய விவசாயியின் நாட்டுப்புறம்’ என்று துண்டறிக்கையில் படிக்கும்போது இந்த இரண்டு மதில்களையும் நினைத்துக்கொள்வது ஒரு நல்ல மருந்து.

இரண்டாவது வாக்குறுதியான நாட்டுப்புறத்துக்கு இப்படி வந்துவிட்டோம். அந்தப் பாதை யாருடையது? சுற்றுலாவுக்கென்று போடப்பட்டதாக நினைக்கத் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கான தடம். சைக்கிளும் டிராக்டரும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த டிராக்டர்கள் உயரமானவை. கொடி வரிசையை நடுவில் விட்டு இருபுறமும் சக்கரம் வைத்து மேலே நகர்பவை. எதிரே வந்தால் ஒதுங்க வேண்டியவர் விடுமுறைக்காரர். இதில் எந்தக் குறையும் காண வேண்டியதில்லை, அதுதான் நியாயம்.

குறை இருப்பது வேறிடத்தில். பிரான்சின் விவசாய நிலத்தில் திராட்சைத் தோட்டம் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். பூச்சி, பூஞ்சாணக் கொல்லிகளில் அது குடிப்பதோ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு என்று நெடுநாளாகச் சுட்டப்படுகிறது. மருந்தடிக்கும் பருவம் வசந்தத்தின் நடுவில் தொடங்கிக் கோடை முழுக்க நீளும். சைக்கிள் விடுமுறைப் பருவமும் அதேதான். மருந்தடித்த தோட்டத்துக்குள் தொழிலாளர் மீண்டும் நுழைய இத்தனை மணி நேரம் கழிய வேண்டும் என்று விதி இருக்கிறது. மருந்தைப் பொறுத்து ஆறு மணியிலிருந்து 48 மணி வரை. ஓரத்துப் பாதையில் மூச்சு வாங்க ஏறுகிறவரைப் பற்றித் துண்டறிக்கைகள் பேசுவதில்லை. இயற்கை முறைத் தோட்டங்கள் பெருகி வருகின்றன, உண்மை. அங்கும் பூஞ்சாணத்துக்குச் செம்பும் கந்தகமும் தெளிக்கிறார்கள். காற்றில் சட்டென்று நெடியடித்தால் நின்று வழியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நடைமுறை அறிவுரை.

அப்புறம் மனிதர்கள். விடுமுறைப் படங்களில் தோட்டம் எப்போதும் ஆளில்லாமல் இருக்கும். நிஜத்தில் குளிர்காலத்தில் விரல் மரத்துப்போக ஒவ்வொரு கொடியையும் கையால் கவாத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் உறைபனி வந்தபோது இரவிரவாக வரிசைகளுக்கு நடுவே மெழுகு விளக்கேற்றிக் காத்தார்கள். அப்படியும் பெரும் விளைச்சல் போனது. அறுவடைக்கு வெளிநாட்டிலிருந்து கூலிக்காரர்கள் வருகிறார்கள். 2023 செப்டம்பர் அறுவடையின் கடும் வெயிலில் ஷாம்பேன் பகுதியில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஷாம்பேன் சரிவுகளும் பர்கண்டியின் க்ளிமாக்களும் ஒரே ஆண்டில்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

சுற்றுலாவே பாவம் என்று வாதிட இதைச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1960இல் ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அது 40 லிட்டர் அளவுக்கு விழுந்துவிட்டது. போர்தோ பகுதியில் 2023இலிருந்து, கொடிகளை வேரோடு பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டமே வந்தது. பெயர்பெறாத ஊர்களின் சிறு தயாரிப்பாளருக்கு, வாசலில் சைக்கிளை நிறுத்தி ஆறு புட்டிக்கு முகவரி எழுதிக்கொடுத்துப் போகும் பயணி உண்மையான வருமானம். என் புகார் வேறு. உழைப்பைக் கிட்டப் பார்க்க இதைவிட நல்ல வாகனம் இல்லை. அந்த வாகனத்தைக் கொடுத்துவிட்டு, உழைப்பை மறைக்கும்படி நேரத்தையும் வழியையும் அமைக்கிறார்கள். காலை பத்து மணிக்குப் புறப்பாடு என்று அட்டவணை சொல்லும். தோட்டத்தில் கோடை வேலை விடிகாலையிலேயே தொடங்கிவிடும்.

ஓய்வு என்ற முதல் வாக்குறுதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1936இல் லெயோன் ப்ளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு பிரெஞ்சுத் தொழிலாளருக்கு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் ஆலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக நாட்டுப்புறத்துக்கும் கடலுக்கும் புறப்பட்டார்கள். கார் வாங்க வழியில்லாத பலருக்கு வாகனம் சைக்கிள். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டை சைக்கிள் அந்த ஆண்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சைக்கிள் விடுமுறை என்பது ஏழையின் விடுமுறையாகத்தான் அங்கே வேர் பிடித்தது. இன்றைய மாளிகை விடுதிப் பயணத்தைப் பார்க்கும்போது அந்த மரபு எவ்வளவு தூரம் இடம் மாறியிருக்கிறது என்பது உறைக்கும். நல்லவேளையாக, பாதை இலவசம். கூடாரம் கட்டும் இடங்கள், கிராமத்து வீட்டு அறைகள், சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் வட்டார ரயில்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. 1936இன் விடுமுறையை இன்றும் அதே செலவு மனப்பான்மையோடு போகலாம். அதை விற்க ஆளில்லை என்பதால் அதைப் பற்றிக் கேள்விப்படுவதில்லை.

பேட்டரி சைக்கிள் பற்றி ஒரு வார்த்தை. அதை இழிவாகப் பேசும் வைராக்கியக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் அது துணைசெய்யாது. முழங்கால் தேய்ந்தவரையும், ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் மிதிக்கும் தம்பதியையும் ஒரே பாதையில் சேர்த்துவைக்கிறது. ஆனால் கோட் டோரில் அதற்கு ஒரு விலை உண்டு. மோன்ராஷேயின் சாய்வை மோட்டார் சமப்படுத்திவிட்டால், அங்கே சைக்கிளில் போனதன் பயனில் பாதி கழன்றுவிடும். வோல்னேவரை துணையை அணைத்துவைத்து மிதித்துப் பாருங்கள்; அப்புறம் உங்கள் விருப்பம்.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அல்சாஸின் ஒயின் சாலை 1953இல் வகுக்கப்பட்டது, 170 கிலோமீட்டர். அங்கே தயாரிப்பாளர்கள் வாசலைத் திறந்துவைத்து நேரடியாக விற்கிறார்கள், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் மரச்சட்ட வீடுகள் நிறைந்த அந்தக் கிராமங்கள் கோடையில் பேருந்துக் கூட்டத்தில் மூச்சு முட்டும். போர்தோவில் ஒரு நல்ல பாதை உண்டு. 1937இல் டூர் த பிரான்ஸ் வென்ற ரொழே லப்பெபியின் பெயரில், பழைய ரயில் தடத்தின் மேல், லத்ரேனிலிருந்து சோவ்தேர் வரை. பாதை அருமை, ஆனால் புகழ்பெற்ற தோட்டங்கள் வேறு திசையில். லுவார் ஆற்றோரப் பாதை இவை எல்லாவற்றிலும் சிறந்த சைக்கிள் விடுமுறை என்பதில் எனக்கு ஐயமில்லை. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் நெடும்பாதையின் பகுதி அது. ஆறு, கோட்டைகள், சமதளம் எல்லாம் உண்டு. ஒயின் அங்கே ஓரத்து விருந்தாளி. அதனாலேயே அந்த விடுமுறை நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

பர்கண்டிக்குள்ளேயே ஒரு மாற்று இருக்கிறது. கோட் டோருக்குத் தெற்கே ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர்; 1997இல் திறந்த இந்தப் பாதை, பிரான்சில் கைவிட்ட ரயில் தடங்களைப் பசுமை வழிகளாக்கிய முயற்சிக்கு முன்னோடி. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே பாதையும் ஏறாது. கார் கிடையாது, டிராக்டர் குறுக்கே மட்டும் வரும். வழியில் புயிசி ஊரில் விவசாயிகளின் கூட்டுறவு நிலவறை. ஜிவ்ரி, மோந்தஞி ஒயின்கள் சாதாரண மனிதர் வாங்கும் விலையில். கோர்மத்தன் மாளிகையின் தோட்டம் பாதையருகே. முடிவில் க்ளூனி: 910இல் நிறுவிய மடம். ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்வரை அதன் தேவாலயம்தான் கிறித்தவ உலகில் பெரியது. புரட்சிக்குப் பின் கல் கல்லாகப் பெயர்த்து விற்றது போக ஒரு சிறு பகுதி நிற்கிறது. க்ளூனிக்குத் தெற்கே பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய ரயில் குகைக்குள் புகுகிறது. குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள், உள்ளே வௌவால்கள் தூங்குவதால். விடுமுறையில் ஓய்வெடுக்கும் உரிமையை இவ்வளவு கறாராக மதிக்கும் ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

ஒயினே குடிக்காத வாசகர் இந்தப் பயணத்தில் என்ன செய்வார்? தமிழில் எழுதும்போது இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. மேலே சொன்ன கணக்குகளின்படி அவருக்கு இழப்பு மிகக் குறைவு. சரிவு, மதில், மண், மடம், போன் நகரில் 1443இல் ஏழைகளுக்காக நிக்கோலா ரோலென் கட்டிய மருத்துவமனையின் வண்ண ஓட்டுக் கூரை, அந்த மருத்துவமனைக்குத் தானமாக வந்த தோட்டங்களின் ஒயினை 1859 முதல் நவம்பரில் ஏலம் விடும் வழக்கம் என்று அறிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. எதற்கும் கிண்ணம் தேவையில்லை. சாப்பாடுதான் சிரமம். மாட்டிறைச்சியும் நத்தையும் பர்கண்டியின் பெருமை. வெலோசியோ சைவர் என்றாலும் அவர் நாட்டு உணவகங்கள் அவரைப் பின்பற்றவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, சந்தைப் பழங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் பகல் கழிந்துவிடும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகளும் நிலவறைகளும் மூடும், ஞாயிறன்று பல திறக்கவே திறக்காது என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

இனித் தீர்ப்பு. ஒரு வாரம் கோட் டோரிலேயே சுற்றி, பிற்பகல்தோறும் நிலவறை ஏறி இறங்கும் அந்தப் பிரபலமான பேக்கேஜை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஓய்வையும் தருவதில்லை, ஒயினையும் சரியாகத் தருவதில்லை. தரும் ஒன்றான நிலத்தையும் சாப்பாட்டு அட்டவணைக்குள் அமுக்கிவிடுகிறது. ஆனால் போன்-சாந்த்னே பாதையில் மிதிப்பதை, சைக்கிள் ஓட்டத் தெரிந்து பிரான்சுக்குப் போகும் யாரும் தவறவிடக் கூடாது. இரண்டு நாள் போதும். தொழிலாளர் வரும் நேரத்திலேயே புறப்படுங்கள். ஒரு நாள் தெற்கே சாந்த்னே வரை, ஒரு நாள் வடக்கே வூஜோ வரை. பகலில் எந்த நிலவறைக்குள்ளும் நுழையாதீர்கள். சுவைக்க விரும்பினால், சைக்கிளைப் பூட்டிய பிறகு போன் நகரத்தில் இரவுச் சாப்பாட்டோடு, அன்று கடந்த கிராமத்தின் ஒயினை ஒரே ஒரு கிண்ணம் கேளுங்கள். பிறகு சாந்த்னேக்கு அருகே ஷாஞி சென்று, கால்வாயோரமாக ஷலோன் வழியே ஜிவ்ரிக்கு இறங்கி, மீதி நாட்களைக் க்ளூனிப் பாதையில் கழியுங்கள். மே இறுதியிலிருந்து ஜூன் வரை போகலாம். அறுவடை முடிந்து இலை பழுக்கும் அக்டோபர் அதைவிடச் சிறப்பு, மருந்தடிக்கும் வேலையும் அப்போது முடிந்திருக்கும்.